நோடு பேசவில்லையா? வயர்லெஸ் சென்சார் பிழைகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

"தம்பி, இந்த லோரா நம்ம ஊருக்கு ஒத்துவராது போல, வைஃபையே போட்டுடலாமா?" கிள்ளை, பரங்கிப்பேட்டைப் பக்கத்து இறால் குட்டைகளிலிருந்து வரும் அழைப்பு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். வைஃபை போட்டவர் ஜிக்பீ கேட்பார், ஜிக்பீ போட்டவர் லோரா கேட்பார். மூன்றுமே சென்சார் டேட்டாவைக் கம்பியில்லாமல் அனுப்பும் முறைகள், அதாவது புரோட்டோகால்கள். நோடு என்பது சென்சாரும் ரேடியோவும் உள்ள டப்பா, கேட்வே என்பது நோடுகளின் டேட்டாவை வாங்கி இணையத்துக்கு அனுப்பும் பெட்டி. புரோட்டோகாலை மாற்றுவது என்றால் மாட்யூல், கேட்வே, உள்ளே ஓடும் புரோகிராம், சில இடங்களில் கம்பம் உட்பட எல்லாம் மாறும். இருப்பதிலேயே செலவு கூடிய வழி அதுதான். போய் டப்பாவைத் திறந்தால் காரணம் அநேகமாக உப்புக்காற்றில் துருப்பிடித்த பேட்டரி ஸ்பிரிங்காகவோ, கழன்று தொங்கும் ஆன்டெனாவாகவோ இருக்கும். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத சோதனையை முதலிலும் புரோட்டோகால் மாற்றத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். மாற்றித்தான் ஆகவேண்டும் என்கிற இடங்களும் உண்டு, அவற்றை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

போகும்போது மல்டிமீட்டர், அதே வகை உதிரி ஆன்டெனா, சார்ஜ் ஏற்றிய பேட்டரி, போனில் செருகும் ஓடிஜி கேபிள், எல்லாவற்றுக்கும் மேலாக நன்றாக வேலை செய்கிறது என்று உறுதியாகத் தெரிந்த உதிரி நோடு ஒன்று கையில் இருக்கட்டும். பேசாத நோடு இருக்கும் அதே இடத்தில் உதிரியை வையுங்கள். உதிரி பேசினால் கோளாறு நோடில், அதுவும் பேசாவிட்டால் கோளாறு இடத்தில் அல்லது கேட்வேயில். பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும்.

## அறிகுறி: ஒரே ஒரு நோடு மட்டும் அடியோடு நின்றுவிட்டது

முதலில் மின்சாரம். 18650 லித்தியம் செல் முழு சார்ஜில் 4.2 வோல்ட் காட்டும், 3.3க்குக் கீழே போயிருந்தால் சந்தேகப்படலாம். ஆனால் செல்லின் முனையில் மட்டும் அளந்துவிட்டுப் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று மூடிவிடாதீர்கள், போர்டில் வயர் சேரும் பின்னிலும் அளந்து பாருங்கள். நோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டுக்கும் 0.2 வோல்ட் வித்தியாசம் இருந்தால் நடுவில் இருக்கும் ஹோல்டரோ வயரோ வோல்டேஜைத் தின்கிறது. கடலோரத்தில் அநேகமாக அது ஹோல்டரின் ஸ்பிரிங்தான். வெளியில் பளபளவென்று இருக்கும், செல்லை உருவிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தால் செல் தொடும் வளையத்தில் பழுப்புத் துரு பொடிப்பொடியாக இருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் சில வாரம் ஓடும், உலோகத் தகடு (டேப்) வைத்துப் பற்றவைத்த செல்லுக்கு மாறுவதுதான் நிரந்தரம்.

அடுத்து டப்பா. கேபிள் நுழையும் கிளாண்டு மேல்பக்கம் இருந்தால் மழைத் தண்ணீர் நேராக உள்ளே வரும், எப்போதும் அடிப்பக்கம்தான் வைக்கவேண்டும். கம்பத்தில் மாட்டும்போது கைக்கு வசதியாக இருந்தது என்று மேலே துளை போட்டவர்கள் நிறைய. எறும்பும் பல்லியும் குடியேறியிருக்கிறதா என்றும் பாருங்கள், கிளாண்டு ரப்பர் தளர்ந்திருந்தால் அவை வந்தே தீரும்.

மூன்றாவது ஆன்டெனா. போர்டிலிருந்து டப்பாச் சுவருக்குப் போகும் மெல்லிய கேபிளின் முனையில் இருக்கும் சின்ன வட்ட கனெக்டர் முப்பது தடவைக்கு மேல் கழற்றி மாட்டத் தாங்காது. பார்வைக்கு உட்கார்ந்திருப்பது போல இருக்கும், நகத்தால் லேசாகத் தட்டினால் எழுந்துவரும். வெளியே இருக்கும் எஸ்எம்ஏ திருகிலும் ஒரு சிக்கல் உண்டு: எஸ்எம்ஏ, ஆர்பி-எஸ்எம்ஏ என்று இரண்டு வகை, திருகு இரண்டிலும் ஒன்றுதான், நடு ஊசி மட்டும் இடம் மாறியிருக்கும். இரண்டையும் கலந்து மாட்டினால் இறுக்கமாகத் திருகிக்கொள்ளும், நடுவில் தொடவே தொடாது. கழற்றிப் பாருங்கள், ஒரு பக்கம் ஊசியும் மறுபக்கம் குழியும் இருக்கவேண்டும். இரண்டு பக்கமும் குழி என்றால் தொடர்பே இல்லை.

ஆன்டெனா இல்லாமல் நோடை ஆன் செய்து சோதிக்க வேண்டாம், அனுப்பும் பகுதி எரிந்துபோக வாய்ப்பு உண்டு. இத்தனையும் பார்த்து, உதிரி பேட்டரி, உதிரி ஆன்டெனா போட்டும் பேசாவிட்டால் போர்டை மாற்றிவிடுங்கள், மாட்யூலைச் சரிபார்க்க ஆகும் கூலிக்குப் புதிதே வாங்கிவிடலாம்.

## அறிகுறி: பக்கத்தில் வைத்தால் வருகிறது, அதன் இடத்தில் வைத்தால் வரவில்லை

### ஆன்டெனா அளவு சரியா?

இந்தியாவில் லோராவுக்கு 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் மாட்யூல்களில் பாதி 433 மெகாஹெர்ட்ஸ் வகை. மாட்யூலைச் சரியாக வாங்கிவிட்டு ஆன்டெனாவை மட்டும் 433க்கு வாங்கியவர்களும் உண்டு. வயர் ஆன்டெனா என்றால் ஸ்கேல் வைத்து அளந்தாலே தெரிந்துவிடும்: 866க்குக் கால் அலை நீளம் சுமார் 8.7 சென்டிமீட்டர், 433க்கு 17.3. 868 அல்லது 915 என்று போட்டு விற்கும் மாட்யூலைப் புரோகிராமில் 865க்கு வைத்துக்கொள்ளலாம், 433 மாட்யூலை அப்படித் திருப்ப முடியாது.

### உயரம் போதுமா?

கேட்வேயை ஷெட் ஜன்னலில் வைத்துவிட்டு இரண்டு கிலோமீட்டர் போகும் என்று பெட்டியில் போட்டிருந்ததே என்பார்கள். ரேடியோ அலைக்கு நேர்கோடு மட்டும் போதாது, அந்தக் கோட்டைச் சுற்றியும் திறந்த இடம் வேண்டும். 866 மெகாஹெர்ட்ஸில் ஒரு கிலோமீட்டருக்கு, நடுவழியில் அந்த இடத்தின் ஆரம் 9 மீட்டர் வரும். முழுவதும் திறந்திருக்கவேண்டும் என்றில்லை, பாதிக்கு மேலாவது இருக்கவேண்டும். ஆகவே குட்டைக் கரையில் ஒரு மீட்டர்க் குச்சியில் நட்ட நோடு திணறுவதில் ஆச்சரியம் இல்லை. எல்லா நோடையும் உயர்த்துவதைவிட கேட்வே ஆன்டெனாவை ஒரே கம்பத்தில் உயர்த்துவது மலிவு. ஆனால் ஆன்டெனா கேபிளை நீட்டாதீர்கள், கேட்வேயையே மழை நுழையாத டப்பாவில் போட்டு மேலே ஏற்றுங்கள். மெல்லிய கேபிள் பத்து மீட்டர் போனால் உயரத்தால் கிடைத்த லாபத்தைக் கேபிளே தின்றுவிடும்.

### நடுவில் என்ன வளர்ந்திருக்கிறது?

நெல்லிக்குப்பம் பக்கம் கரும்புக் கொல்லையில் இது வருடாவருடம் நடக்கும். நட்டபோது அருமையாக வந்த சிக்னல், கரும்பு ஆள் உயரம் தாண்டியதும் குறைந்து, வடகிழக்கு மழையில் இலை நனைந்ததும் அறவே நின்றுவிடும். கடலோரச் சவுக்குத் தோப்பிலும் இதே கதை, மெதுவாக நடக்கும் அவ்வளவுதான். பண்ருட்டிப் பக்கத்து முந்திரியில் கிளை தரையைத் தொடுவதால் முதல் நாளிலேயே தெரிந்துவிடும். ஈர இலை 2.4 கிகாஹெர்ட்ஸை மோசமாகக் குடிக்கும், 866 ஓரளவு தாக்குப்பிடிக்கும். வைஃபை, ஜிக்பீ, புளூடூத் மூன்றும் பொதுவாக 2.4இல்தான் ஓடுகின்றன என்பதால் ஒன்றைவிட்டு இன்னொன்றுக்குத் தாவுவதில் இங்கே பயன் இல்லை.

### லோராவின் எஸ்எஃப் அளவு

எஸ்எஃப் (ஸ்பிரெடிங் ஃபேக்டர்) என்பது செய்தியை எவ்வளவு நிதானமாக அனுப்புவது என்ற அளவு. 7இலிருந்து 12 வரை ஏற்றலாம், ஏற்ற ஏற்றத் தூரம் கூடும். ஆனால் ஒவ்வொரு படிக்கும் பாக்கெட், அதாவது ஒரு தடவை அனுப்பும் செய்தி, காற்றில் இருக்கும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 20 பைட் டேட்டாவுக்கு எஸ்எஃப் 7இல் சுமார் 57 மில்லிசெகண்டு, எஸ்எஃப் 12இல் 1.3 செகண்டு. பேட்டரியும் அதே கணக்கில் போகும். உயரத்தைச் சரிசெய்யாமல் எடுத்த எடுப்பில் 12இல் வைப்பதுதான் நான் அடிக்கடி பார்க்கிற சோம்பேறித்தனம்.

ஜிக்பீயோ வைஃபையோ பயிருக்குள் நூறு மீட்டர் தாண்டவேண்டும் என்றால் மல்லுக்கட்டாதீர்கள், லோராவுக்கு மாறுங்கள். இது நியாயமான மாற்றம்.

கம்பம் தென்னை உயரம் தாண்டுகிறது, அல்லது விழுந்தால் மின்கம்பியைத் தொடும் தூரத்தில் நிற்கிறது என்றால் கம்பம் நடுபவரைக் கூப்பிடுங்கள். 2011 தானே புயல், 2024 ஃபெஞ்சல் புயல் இரண்டையும் பார்த்த ஊர் இது, ஸ்டே கம்பி இல்லாத கம்பம் இங்கே நிற்காது. இடிதாங்கியும் எர்த்தும் அவர் வேலையிலேயே சேரட்டும்.

## அறிகுறி: ஏரேட்டர் ஓடும்போது மட்டும் டேட்டா காணாமல் போகிறது

இறால் பண்ணையில் அதிகம் வரும் புகார் இதுதான், ஆளை அதிகம் குழப்புவதும் இதுதான். விடியற்காலையில்தான் தண்ணீரில் டிஓ, அதாவது கரைந்த ஆக்சிஜன், அடிமட்டத்துக்குப் போகும். அப்போதுதான் ஏரேட்டர், அதாவது தண்ணீரில் காற்றேற்றும் இயந்திரம், எல்லாம் ஓடும். சரியாக அந்த நேரத்தில் சென்சார் ஊமையாகிவிடும். உடனே ரேடியோ மேல் பழி போடுவார்கள்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். நோடு ஒவ்வொரு பாக்கெட்டிலும் தான் ஆன் ஆகி எத்தனை செகண்டு ஆனது என்று சேர்த்து அனுப்பட்டும், புரோகிராமில் ஒரு வரிதான். இனி மூன்று கிளை.

### அந்த எண் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது

நோடு ரீசெட் ஆகிறது, அதாவது மோட்டார் கிளம்பும்போது வோல்டேஜ் விழுகிறது. நோடின் அடாப்டர் மோட்டார் இருக்கும் அதே பேஸில் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் வேறு பேஸுக்கு மாற்றச் சொல்லுங்கள், அல்லது இடையில் பேட்டரி வையுங்கள். ஈஎஸ்பி32 (நோடில் இருக்கும் வைஃபை சிப்) வைஃபையில் அனுப்பும்போது சில நூறு மில்லிஆம்பியர் ஒரே இழுப்பாக இழுக்கும், ஓடிஜி கேபிள் மாட்டிப் போனில் பார்த்தால் பிரவுன்அவுட், அதாவது வோல்டேஜ் விழுந்துவிட்டது, என்ற செய்தி வந்துகொண்டே இருக்கும். மாட்யூலின் மின் பின்னுக்குப் பக்கத்தில் 470 முதல் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று வைத்தாலே பல இடங்களில் தீர்ந்துவிடும். போர்டில் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் இருந்து அதை லித்தியம் செல்லில் ஓட்டினால் வேறு சிக்கல்: 3.3 வோல்ட் கொடுக்க அதற்கு உள்ளே சுமார் 4.4 வோல்ட் வேண்டும், செல்லோ நிறைந்த வயிற்றிலேயே 4.2தான் தரும். ரெகுலேட்டரைத்தான் மாற்றவேண்டும்.

### எண் ஓடுகிறது, டேட்டாவில் மதிப்பு மட்டும் தாறுமாறாகக் குதிக்கிறது

சென்சார் கேபிள் மோட்டார் கேபிளோடு ஒரே பைப்பில் போகிறது. தனிப் பைப் போடுங்கள். ஆர்எஸ்485 புரோப் (கம்பி வழியே டேட்டா தரும் சென்சார் முனை) என்றால் முறுக்கிய ஜோடிக் கேபிள், மேலே ஷீல்டு, ஷீல்டை ஒரே முனையில் மட்டும் எர்த் செய்வது, நீண்ட கேபிளின் இரு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர். இந்த நான்கையும் ஒழுங்காகச் செய்தால் குதிப்பது நின்றுவிடும்.

### எண் ஓடுகிறது, மதிப்பும் சரி, நடுவில் பாக்கெட் மட்டும் காணோம்

இது அபூர்வம். ஆன்டெனாவை ஸ்டார்ட்டர் பெட்டியிலிருந்து சில மீட்டர் தள்ளி வைத்துப் பாருங்கள். ஏரேட்டர் அடிக்கும் தண்ணீர் ஆன்டெனா மேல் தெறிக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

ஸ்டார்ட்டர் பெட்டி, காண்டாக்டர், 415 வோல்ட் லைன் எதையும் நீங்கள் தொடவேண்டாம். காண்டாக்டரில் தீப்பொறி தெரிகிறது, பேஸ் மாற்றவேண்டும் என்றால் லைசன்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன்தான். கரை ஈரம், கால் ஈரம், அதுவும் உப்புத் தண்ணீர். இந்த அறிகுறிக்குப் புரோட்டோகால் மாற்றி ஒரு பைசா பயன் இல்லை.

## அறிகுறி: நன்றாக ஓடி, திடீரென்று எல்லா நோடும் ஒன்றாக நிற்கின்றன

கேட்வேக்குக் கரண்ட் இருக்கிறதா? சரி, இருக்கிறது. அப்புறம் எந்தப் புரோட்டோகால் என்று பாருங்கள்.

ஈஎஸ்பி-நவ் (ஈஎஸ்பி போர்டுகள் ரவுட்டர் இல்லாமல் நேரடியாகப் பேசும் முறை) என்றால்: சேனல். அனுப்புபவரும் வாங்குபவரும் ஒரே வைஃபை சேனலில் இருக்கவேண்டும். வாங்கும் போர்டு வீட்டு ரவுட்டரிலும் இணைந்திருந்தால் ரவுட்டர் எந்தச் சேனலோ அதற்குத்தான் போகும். ரவுட்டர் ஆட்டோ சேனலில் இருந்து, கரண்ட் போய் வந்ததும் வேறு சேனலுக்குத் தாவிவிட்டால் நோடுகள் பழைய சேனலிலேயே கத்திக்கொண்டிருக்கும். ரவுட்டரில் 1, 6, 11இல் ஒன்றை நிலையாக வைத்துவிடுங்கள். செலவு இல்லை.

ஜிக்பீ என்றால்: நடுவில் கடத்திவிடும் ரவுட்டர் நோடு எது என்று கண்டுபிடியுங்கள். பேட்டரி நோடுகள் தூங்கி எழும், மற்றவர் பாக்கெட்டைக் கடத்தாது, பிளக்கில் செருகிய நோடுகள்தான் கடத்தும். பாகூர் பக்கம் ஒரு மோட்டார் கொட்டகையில் காவல்காரர் ராத்திரியானால் அந்தப் பிளக்கை அணைத்துவிடுவார். கேட்டால் "லைட்டு சும்மா மினுக்கிட்டே இருந்துச்சு சார், கரண்ட் வீண்தானே" என்றார். சுவிட்சை எடுத்துவிட்டு நேரடி இணைப்பு கொடுத்ததோடு சரியானது. கடத்தும் நோடு எப்போதும் இரண்டாவது இருக்கட்டும், ஒன்று விழுந்தாலும் மெஷ், அதாவது நோடுகள் ஒன்றுக்கொன்று கடத்தும் வலை, வேறு வழி தேடிக்கொள்ளும், அதற்காகத்தானே மெஷ்.

புதுச்சேரி நகருக்குள் என்றால் பக்கத்து வீடுகளின் வைஃபை நெரிசலும் காரணமாகலாம். ஜிக்பீக்கு 11 முதல் 26 வரை சேனல் உண்டு, வைஃபையின் 1, 6, 11க்கு இடையில் தப்பிக்கும் 15, 20, 25இல் ஒன்றை எடுங்கள்.

## அறிகுறி: நோடு கூடக்கூட டேட்டா குறைகிறது

இங்கேதான் புரோட்டோகால் வித்தியாசம் உண்மையிலேயே பேசுகிறது. ஜிக்பீயும் வைஃபையும் காற்றில் வேறு யாராவது பேசுகிறார்களா என்று கேட்டுவிட்டுப் பேசும். சாதாரண லோரா நோடு கேட்காது, தன் நேரம் வந்தால் பேசிவிடும், இரண்டு பேர் ஒரே சமயம் பேசினால் இரண்டும் போச்சு.

நாற்பது நோடு, ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு ஒரு தடவை, எல்லாம் எஸ்எஃப் 12, ஒரே சேனல் என்று வையுங்கள். 1.3 செகண்டு பெருக்கல் 40, அதாவது நிமிடத்தில் 52 செகண்டு காற்று அடைபட்டிருக்கும். கேட்காமல் பேசும் முறையில் சேனலின் 18 சதவீதத்துக்கு மேல் உருப்படியாகப் போகாது என்பது பழைய அலோஹா கணக்கு, அப்படியென்றால் பெரும்பகுதி மோதிப்போகும். இதையே எஸ்எஃப் 7க்கு இறக்கினால் நிமிடத்துக்கு இரண்டே கால் செகண்டுதான். தண்ணீர் வெப்பநிலையை நிமிடத்துக்கு ஒருமுறை யார் கேட்டார்கள்? பத்து நிமிடத்துக்கு ஒன்று போதும்.

ஆகவே வரிசை இது: இடைவெளியைக் கூட்டுங்கள். அனுப்பும் நேரத்தில் சில செகண்டு முன்பின் கலைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கரண்ட் வந்ததும் ஒன்றாக எழுந்த நோடுகள் கடைசிவரை ஒன்றாகவே கத்தும். எஸ்எஃப் குறையுங்கள். அதற்கும் தீராவிட்டால்தான் கேட்வே மாற்றம்.

பாக்கெட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுதான் வருகிறது, அதுவும் இரண்டே நோடு இருக்கும்போதே என்றால் காரணம் வேறு. லோராவான் (லோராவின் மேல் ஓடும் நெட்வொர்க் முறை) நோடு இந்தியாவில் மூன்று அடிப்படைச் சேனல்களில் மாறிமாறி அனுப்பும், ஒரே சேனல் கேட்கும் மலிவு கேட்வே ஒன்றைத்தான் பிடிக்கும். எட்டுச் சேனல் கேட்வே வாங்கவேண்டும், குறுக்குவழி கிடையாது. அல்லது லோராவானை விட்டுவிட்டு ஒரே சேனலில் வெறும் லோராவாக ஓட்டுங்கள், சின்னப் பண்ணைக்கு அதுவே தாராளம்.

## அறிகுறி: பேட்டரி சீக்கிரம் தீர்கிறது

- நோடு தூங்கும்போது எவ்வளவு இழுக்கிறது என்று மல்டிமீட்டரை இடையில் மாட்டி அளக்கவும். 10 மில்லிஆம்பியர் காட்டினால் 2500 எம்ஏஎச் செல் பத்து நாள்தான். டெவலப்மென்ட் போர்டின் எல்இடி, யுஎஸ்பி சிப், ரெகுலேட்டர் மூன்றும்தான் திருடர்கள்.
- செல்லின் மேல் 9800 எம்ஏஎச் என்று அச்சடித்திருந்தால் தூக்கிப் போடுங்கள். நல்ல 18650 செல்லே 3500 அளவோடு நின்றுவிடும்.
- சோலார் பேனலைத் துடைக்கவும். காக்கை எச்சம் ஒரு மூலையை மறைத்தாலே சார்ஜ் கணிசமாகக் குறையும். ஐப்பசி, கார்த்திகையில் வெயில் இல்லாத நாட்களைக் கணக்கிட்டுப் பேட்டரி வைத்திருக்கிறீர்களா?
- வைஃபை நோடு ஒவ்வொரு தடவை எழும்போதும் ரவுட்டரைத் தேடிச் சேரச் சில செகண்டு எடுக்கும், சிக்னல் பலவீனமானால் இன்னும் கூடும். கேட்வே போர்டு வைத்து ஈஎஸ்பி-நவ்வுக்கு மாறினால் அதே போர்டிலேயே இந்தச் செலவு போய்விடும்.

உப்பிய லித்தியம் செல்லை அழுத்தவோ குத்தவோ வேண்டாம், மின்கழிவு எடுப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

## அறிகுறி: கேட்வே டேட்டா வாங்குகிறது, போனில் ஒன்றும் இல்லை, அல்லது பழைய எண் நிற்கிறது

சிம் ரீசார்ஜ் தீர்ந்துவிட்டதா? சிரிக்காதீர்கள், முதலில் அதைப் பாருங்கள். அடுத்து, எஸ்ஐஎம்800எல் போன்றவை 2ஜி மட்டும் பேசும் மாட்யூல்கள், 4ஜி மட்டும் உள்ள ஜியோ சிம் அதில் வேலை செய்யாது. அந்த மாட்யூல் அனுப்பும்போது 2 ஆம்பியர் வரை இழுக்கும் என்பதால் மெல்லிய வயரில் கொடுத்தாலும் படுத்துவிடும்.

எம்க்யூடிடி (சர்வர் வழியாகச் செய்தி அனுப்பும் முறை) இணைப்பு சில செகண்டுக்கு ஒருமுறை அறுந்து அறுந்து சேர்கிறதென்றால், இரண்டு கருவிக்கு ஒரே கிளையன்ட் ஐடி கொடுத்திருக்கிறார்கள். ஒன்று உள்ளே வந்தால் சர்வர் மற்றொன்றைத் தள்ளிவிடும், அது மறுபடி வந்து இதைத் தள்ளும். புரோகிராமைக் காப்பி எடுத்து அடுத்த பண்ணைக்குப் போட்டவர்களிடம் இதுதான் நடக்கும். ஐடியை மாற்றினால் முடிந்தது.

கரண்ட் போய் வந்த பிறகு மட்டும் இணையவில்லை என்றால் கடிகாரம். நேரம் தப்பாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று இணைப்பு மறுக்கப்படும். முதலில் நேரத்தை வாங்கிக்கொண்டு, பிறகு இணையும்படி புரோகிராமை மாற்றுங்கள்.

எம்க்யூடிடியில் ரீடெய்ன் வைத்து அனுப்பினால் கடைசி மதிப்பு சர்வரிலேயே நிற்கும். நோடு நேற்றே செத்திருந்தாலும் போனைத் திறந்தால் டிஓ 5.8 என்று பசுமையாகக் காட்டும், விடியற்காலையில் குட்டையில் இறால் மேலே வந்து மூச்சுக்குத் தவிக்கும். ஒவ்வொரு மதிப்போடும் நேரத்தைச் சேர்த்து அனுப்பி, பதினைந்து நிமிடம் பழசானால் திரையில் சிவப்பாக்குங்கள். இது ஒன்றை மட்டும் ஒத்திப்போடாதீர்கள்.

## அறிகுறி: டேட்டா தவறாமல் வருகிறது, மதிப்புதான் நம்பும்படி இல்லை

ரேடியோவை விட்டுவிடுங்கள். பாக்கெட் முழுதாக வந்திருந்தால் எண் வழியில் மாறுவதில்லை, சரிபார்ப்புக் குறி தப்பினால் பாக்கெட்டையே தூக்கிப்போட்டுவிடும். புரோப்பை எடுத்துப் பாசியும் சேறும் போகக் கழுவுங்கள், கையில் பிடிக்கும் மீட்டரோடு ஒப்பிடுங்கள். கழுவியும் விலகல் இருந்தால் காலிபரேஷன் செய்ய விற்றவரிடமே அனுப்பவேண்டும்.

## இத்தனையும் பார்த்தாயிற்று, மாற்றத்தான் வேண்டும் என்றால்

ஷெட்டுக்குள், கரண்ட் இருக்கும் இடத்தில், நோடு பத்துக்குள் என்றால் வைஃபையோ ஈஎஸ்பி-நவ்வோ போதும். கட்டடத்துக்குள் நிறைய நோடு, பாதி பேட்டரியில் என்றால் ஜிக்பீ. கொல்லை, குட்டை, தோப்பு என்றால் லோரா, நோடு முப்பது நாற்பதைத் தாண்டினால் லோராவான். மோட்டாரை உடனே நிறுத்தவோ ஓட்டவோ கட்டளை அனுப்பவேண்டும் என்றால் பேட்டரியில் தூங்கும் லோராவான் நோடை நம்பாதீர்கள், சாதாரண வகை தான் அனுப்பிய பிறகு சற்று நேரம் மட்டுமே காது கொடுக்கும்.

பழைய கேட்வேயைக் கழற்றாமல் புதியதில் இரண்டு நோடு மட்டும், இருப்பதிலேயே தூரமான மூலையில், ஒரு மழைக்காலம் ஓட்டிப் பாருங்கள். ஆளைக் கூப்பிடுகிறீர்கள் என்றால் நோடு வாரியாக ஆர்எஸ்எஸ்ஐ (சிக்னல் பலம்), எஸ்என்ஆர் (இரைச்சலோடு ஒப்பிட்ட சிக்னல் பலம்) எண்கள், எந்த நேரத்தில் நிற்கிறது, நின்றபோது பேட்டரி வோல்டேஜ் எவ்வளவு என்பதை எழுதிக் கையில் கொடுங்கள். எதையும் கேட்காமல், அளக்காமல், வந்ததும் எல்லாவற்றையும் மாற்றவேண்டும் என்று விலை சொல்பவரை அனுப்பிவிட்டு வேறு ஆளைப் பாருங்கள்.